பூதிகோட்டை சாலையில் போணி

கார் முதலில் விக்கியது. இரண்டு முறை குலுங்கியது. பிறகு சாலையோரமாக ஊர்ந்துபோய் நின்றுவிட்டது.

துளசிராமன் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தான். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். பங்காருப்பேட்டையில்தான் டேங்க் வழியப் பெட்ரோல் போட்டிருந்தான். முள்ளும் நிறைய இருக்கிறது என்றே காட்டியது. இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தான். சூடாக இருந்தது என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெங்களூரில் பி.காம் படித்தவன். கார் ஓட்டத் தெரியும், காரைத் தெரியாது.

பூதிகோட்டைக்கு இன்னும் பாதி வழி இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் அங்கே போயாக வேண்டும்.

அங்கே, மாமியார் வீட்டில், இன்று அவன் மகள் செண்பகத்துக்கு முதல் முடி இறக்குகிறார்கள். இறக்கிய கையோடு, நல்ல நேரம் முடிவதற்குள், குழந்தையை, இறந்துபோன அவன் மனைவி ராஜத்தின் அக்கா பார்வதம்மாவின் மடியில் போடுவார்கள். போட்டுவிட்டால் செண்பகம் பார்வதம்மாவின் பிள்ளை. ஒரு வருஷமாக அவள்தான் அம்மா வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கணவருக்கு வடக்கே பிலாய் இரும்பு ஆலையில் வேலை. இந்த வாரமே ரயிலேறிவிடுவார்கள்.

யாரும் அவனுக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை. ராஜம் பிரசவக் காய்ச்சலில் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மாமியார் வெங்கடம்மா குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "மாப்பிள்ளை, தாயில்லாத பச்சை மண்ணு. ஆம்பளைங்க ரெண்டு பேர் இருக்கிற வீட்ல எப்படி வளரும்? பார்வதிக்கும் ஒண்ணு தங்கலை. அவளுக்கே குடுத்துடலாமா?" என்று கேட்டாள். அவன் சரி என்றான். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொன்னான். சாப்பிடு என்றார்கள், சரி. சட்டையை மாற்று என்றார்கள், சரி. கடையைத் திற என்றார்கள், அதற்கும் சரி.

அந்தச் சரி ஒரு வருஷமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. அவன் அப்பா கோதண்டராமனுக்கு ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் மளிகைக்கடை. அளந்து கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்லை, சொன்ன சொல்லை மாற்றுவதில்லை என்று வளர்ந்த வீடு. அதனால் அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்று காலை மட்டும், பெங்களூர் வரை போய் வருகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாலையில் முன்னால் கொஞ்சம் நடந்தான். திரும்பி வந்தான். இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை, அதற்கு அப்பால் பாறைகள். காலை பஸ் எப்போதோ போயிருக்கும். மறுபடி நடந்தான். கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தான், உட்கார முடியாமல் எழுந்தான்.

பங்காருப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. உலகச் சண்டைக்காலத்துப் பழைய ஜீப். அது அவனைத் தாண்டிப் போகவில்லை. நேராக வந்து கார்முன் நின்றது.

"இன்னா சார், நின்னுகிச்சா?"

இறங்கியவனுக்கு நாற்பது வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. ஜீப்பின் பின்னால் சுருட்டிய கயிறு.

"ஆமா."

"கோதண்டராமன் கடை வண்டிதானே இது? பாத்ததும் சொல்லிக்கினேன். நாம சாம்பியன் ரீஃப் சார். பேரு முனிரத்தினம். எங்கப்பா ஆயுசு பூரா தங்கச் சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு. நான்தான் கொஞ்சம் வெளிச்சத்துல பொழைக்கலாம்னு இப்பிடி வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே பானெட்டுக்குள் குனிந்தான். அவன் முதுகுதான் தெரிந்தது. கைகள் உள்ளே எதையோ செய்தன. நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினான். "பம்ப்பு அவுட்டு சார். இங்க ஒண்ணியும் ஆவாது. பங்காருப்பேட்டையில நம்ம ரிப்பேர் ஷெட்டு கீது. கயிறு போட்டு இழுத்துக்கினு போயிட்டா வேலை முடிஞ்சுடும்."

"நான் பூதிகோட்டைக்குப் போகணும். அவசரம்."

"பம்ப்பு இல்லாம பூதிகோட்டைக்கா? அப்போ நீங்க முன்னால உக்காருங்க, நான் பின்னால தள்ளறேன்." சிரித்தான். "இன்னா சார் நீங்க. வாங்க. பேகனே, சட்டுனு ரெடி பண்ணிக் குடுக்கறேன்."

எந்த ஷெட், யாருடையது, இழுப்பதற்கு என்ன கூலி, ரிப்பேருக்கு என்ன ஆகும், பழுது பம்ப்பில் இல்லாவிட்டால் வேறு எதில். கேட்க வேண்டியதெல்லாம் துளசிராமனுக்குத் தெரியும். தினமும் மொத்த வியாபாரிகளிடம் இப்படித்தான் கேட்கிறான். வாயைத் திறந்தான்.

முனிரத்தினம் அதற்குள் கையை நீட்டிவிட்டான்.

"காலையிலேர்ந்து ஒரு கை படலை சார். நீங்கதான் போணி. பேரம் பேசிடாதீங்க. உங்க மனசுக்கு எதுனா குடுங்க, மிச்சத்தை ஷெட்டுல பாத்துக்கலாம்."

துளசிராமன் வாயை மூடிக்கொண்டான். போணி என்ற பிறகு பேசக் கூடாது. அன்றைய முதல் வியாபாரம். அதில் கேள்வி கேட்டால், கைநீட்டியவனை வெறுங்கையோடு அனுப்பினால், அவனுக்கு அந்த நாளே படுத்துவிடும். கடைக்காரன் இன்னொரு கடைக்காரனுக்கு அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டான். பேசத் தெரிவதற்கு முன்பே துளசிராமன் கற்றுக்கொண்ட பாடம் அது. சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான்.

முனிரத்தினம் அதை இரண்டு கைகளாலும் வாங்கினான். கண்களில் ஒற்றிக்கொண்டான். ஜீப்பின் ஸ்டியரிங்கைச் சுற்றி மூன்று முறை காட்டி, பனியனுக்குள் செருகினான். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சாவியை வண்டியிலயே விட்டுட்டு என்னோட ஜீப்புல வாங்க சார், காத்தாட."

"நான் இதுலயே உக்காந்துக்கறேன்."

"அதும் சரி."

கயிறு கட்டப்பட்டது. ஜீப் வட்டமடித்துத் திரும்பியது. காரும் முனகியபடி திரும்பியது. இப்போது காரின் மூக்கு பங்காருப்பேட்டையைப் பார்த்திருந்தது.

ஓடாத காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது விநோதமாக இருந்தது. இஞ்சின் சத்தம் இல்லை. கயிறு தொய்ந்தது, விறைத்தது, ஒவ்வொரு முறையும் கார் ஓர் இழுப்பு இழுபட்டது. எதிரே ஜீப்பின் ஸ்டெப்னி டயர் ஆடிக்கொண்டே போனது. மைல்கற்களில் பூதிகோட்டையின் தூரம் கூடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கல்லையும் அவன் திரும்பிப் பார்த்தான். இந்நேரம் மந்திரம் ஆரம்பித்திருப்பார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். குழந்தையை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? அவன் போய்ப் பார்த்ததே இரண்டு முறைதான். இரண்டு முறையும் அது தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தான்.

ஒரு சின்னப் பாலத்தருகே ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஜீப் வேகம் குறைந்தது. சாலையோரமாகத் தலையில் கத்திரிக்காய்க் கூடையோடு ஒருத்தி பங்காருப்பேட்டைச் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏ முனிரத்தினம்! இன்னிக்கும் ஒண்ணு மாட்டிக்கிச்சா?"

"போ கிருஷ்ணம்மா, உன் கத்திரிக்கா வாடுது."

"என் கத்திரிக்கா வாடினா வாடட்டும். போன சந்தைக்கு நீலக் காரு, இந்தச் சந்தைக்குக் கறுப்புக் காரு. எல்லாக் காரும் அந்தப் பாறைக்கிட்டதான் நிக்குது. அங்க இன்னா, காருங்களுக்கு முனீஸ்வரன் கோயில் கட்டி வெச்சிருக்கியா?"

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. துளசிராமன் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

பிரேக்கை முழுபலத்தோடு மிதித்தான். கயிறு விண்ணென்று விறைத்தது. ஜீப் பின்னால் இழுபட்டு, இருமி, அணைந்தது. ஆடுகள் சிதறின.

"இன்னா சார், இன்னா ஆச்சு?" முனிரத்தினம் இறங்கி ஓடி வந்தான்.

துளசிராமன் இறங்கினான். காரைச் சுற்றி நடந்தான். எதைத் தேடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. கார் முழுக்கச் செம்மண் தூசி. பின்பக்கம் பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம் தூசி குறைவாக இருந்தது. பங்காருப்பேட்டையில் பெட்ரோல் போட்டுவிட்டு டீ குடித்தபோது யாரோ ஒருவன், கேட்காமலே, ஈரத்துணியால் காரின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டுச் சலாம் போட்டுவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. காசுகூடக் கேட்கவில்லை.

மூடியைத் திருகினான். டேங்க் உஸ்ஸென்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போகிற சின்னத் துளை மஞ்சளாக அடைபட்டிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். சலவை சோப்பு. கடையில் அவன் தினமும் கம்பியால் அறுத்து விற்கிற சரக்கு. பம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலையெண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட வேண்டும். பெட்ரோலும் எண்ணெய்தான்.

ஸ்டார்ட்டரை இழுத்தான். சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். வயர்களெல்லாம் போய்ச் சேருகிற மூடி சரியாகப் பொருந்தாமல் சாய்ந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு. அது இல்லாமல் எந்தக் காரும் கிளம்பாது. அப்பா திருட்டுக்குப் பயந்து தினமும் கடை மூடிய பிறகு அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பது வழக்கம். அதனால் அந்த ஒரு சாமானை மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ரோட்டர் எங்க?"

"அதுவா சார். தொடச்சுப் போடணும்னு எடுத்து வெச்சேன். ஷெட்டுல..."

"குடுங்க."

"குடுக்கறேன் சார், ஷெட்டு வந்துடுச்சே."

துளசிராமன் விரல் நுனியிலிருந்த சோப்பைக் காட்டினான்.

முனிரத்தினம் அதை அக்கறையோடு எட்டிப் பார்த்தான். "அய்யோ பாவமே, எவன் வெச்சான்? நான் வெச்சதைப் பாத்தீங்களா சார்? நான் பின்னால வந்தவன். உதவி பண்ண நின்னேன், தப்பா?" வெற்றிலையைத் துப்பினான். "ஷெட்டுக்கு வந்தா வண்டி கிடைக்கும். வராட்டி இங்கயே நிக்கட்டும். டயரு புதுசு. எவனாவது அவுத்துக்கினு போனா நான் ஜவாப்தாரி இல்லை."

அதட்டிப் பார்க்கலாம். முனிரத்தினத்தின் கையில் ஜீப்பின் முன்னால் செருகிச் சுழற்றி இஞ்சினைக் கிளப்புகிற இரும்புக் கம்பி வந்திருந்தது. போலீஸ் என்றால் பங்காருப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். காரை விட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் உச்சிப்பொழுதுக்குள் போய்ச் சேர முடியாது. வெயில் தலைக்கு நேராக ஏறிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மா கூடையை மைல்கல் மேல் இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள்.

"என் போணியைத் திருப்பிக் குடு," என்றான் துளசிராமன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. ஒருமுறை ஒரு குடிகாரன் கடையில் வந்து இப்படிக் கேட்டதற்கு, அப்பா அன்று முழுக்கக் கதவைச் சாத்திவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

முனிரத்தினத்தின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இன்னா சொன்னே?"

"நான் குடுத்த நோட்டு. குடு."

கிருஷ்ணம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினாள். "அய்யய்யோ, ஏமி சாமி இது! எனக்கு இன்னும் ஒரு காய் போணி ஆவலை. என் காதுல விழறாப்பல இப்பிடியெல்லாம் பேசலாமா?"

"நீ வியாபாரி வூட்டுப் புள்ளைதானா?" முனிரத்தினத்தின் குரல் மாறியிருந்தது. "போணியை எவனாவது திருப்பிக் கேப்பானா? எவ்ளோ சண்டை வந்தாலும் கேப்பானா?"

"நான் கேக்கறேன்."

"வேற நோட்டு தரேன். பத்தா எடுத்துக்க." இடுப்பிலிருந்து பையை உருவினான்.

"வேற வேண்டாம். பனியனுக்குள்ள வெச்சியே, அது."

முனிரத்தினம் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டான். கம்பி மறு கையில் தொங்கியது. அடித்துவிடுவான் என்று துளசிராமன் நினைத்தான். அடிக்கட்டும் என்றும் நினைத்தான். நகரவில்லை.

"அடேய், அந்த ஆளோட காரு சாமானைக் குடுத்துத் தொலைடா!" என்று கத்தினாள் கிருஷ்ணம்மா. "அந்த ஆளு மூஞ்சைப் பாரு. அது விடாது. போணி போயிட்டா உன் ஜீப்பு நாளைக்குப் பாறையில மோதும். சந்தை பூரா நானே சொல்லுவேன்."

முனிரத்தினம் அவளை முறைத்தான். பிறகு அரைக்கால் சட்டைப் பையிலிருந்து ரோட்டரை எடுத்துக் கார் மட்கார்டின் மேல் வைத்தான். "எடுத்துக்க. அதை மட்டும் கேக்காதே."

"கேக்கலை."

"வாயால சொல்லு. போணி எனக்குன்னு சொல்லு."

"உனக்குத்தான்."

முனிரத்தினம் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை. கத்தியால் அறுத்துவிட்டு ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனான். துளசிராமன் பானெட்டுக்குள் குனிந்தான். ரோட்டர் இரண்டு முறை நழுவியது, மூன்றாவது முறை உட்கார்ந்தது. கார் உறுமியது.

"சாமி, ஒரு காய் வாங்கிக்கினு போ," என்றாள் கிருஷ்ணம்மா. "நீ பேசினதுக்குப் பரிகாரம்."

விலை கேட்காமல் கையில் கிடைத்த சில்லறையைக் கொடுத்தான். அவள் இரண்டு கை நிறையக் கத்திரிக்காய்களை இருக்கையில் கொட்டினாள். காரைத் திருப்பினான்.

பூதிகோட்டையில் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. முற்றத்தில் முடி இறக்கி முடித்திருந்தார்கள். தாம்பாளத்தில் கொஞ்சம் கறுப்பு மயிர், பூவிதழ்கள். பார்வதம்மா புதுப்புடவையில் மணைமேல் உட்கார்ந்து, முந்தானையை மடியில் விரித்து வைத்திருந்தாள். வெங்கடம்மா குழந்தையை ஏந்தி அவள்மேல் குனிந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை! வர மாட்டீங்கன்னு நெனச்சோம். பெத்தவர் கையால போடறதுதான் முறை. இந்தாங்க."

குழந்தையை அவன் கைகளில் வைத்தாள்.

எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. செண்பகம் அவன் முகத்தை ஒரு சந்தேகத்தோடு பார்த்தாள். ராஜத்தின் சாயல் இருக்கிறதா என்று தேடினான். தெரியவில்லை. அது வேறு முகம்.

"போடுங்க மாப்பிள்ளை, நேரம் போகுது."

"இல்லை அத்தை."

"என்ன இல்லை?"

"நான் குடுக்கலை."

புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். யாரோ ஒரு பெரியவர் பின்னாலிருந்து, "ஒரு வருஷத்துல ரெண்டு தடவை எட்டிப்பாத்த அப்பனுக்கு இன்னிக்குத்தான் பாசம் பொத்துக்கிட்டு வருதோ?" என்றார்.

"நீங்கதானே மாப்பிள்ளை சரின்னீங்க?" வெங்கடம்மாவின் குரல் உடைந்தது. "பார்வதி குழந்தைக்குத் துணியெல்லாம் தெச்சு வெச்சுட்டா. தொட்டில்கூட வாங்கியாச்சு."

"சொன்னேன். தப்பு என்னோடதுதான். ஆனா குடுக்கலை."

பார்வதம்மா மணையிலிருந்து எழுந்தாள். அழவில்லை. அவன் எதிரே வந்து நின்றாள்.

"இவ பசிக்கு எப்படி அழுவா, தூக்கத்துக்கு எப்படி அழுவா, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா?"

"தெரியாது."

"வீட்ல பொம்பளைன்னு யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

"பின்னே எந்த தைரியத்துல கேக்கறீங்க?"

அவன் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். குழந்தை உதட்டைப் பிதுக்கியது, மூச்சை உள்ளே இழுத்தது, பிறகு வீடு அதிர அலறியது. நாலைந்து கைகள் நீண்டன. அவன் பின்னால் நகர்ந்தான். விடவில்லை. எப்படிப் பிடிப்பது என்றும் தெரியவில்லை. குழந்தை அவன் கையில் மீன்போலத் துள்ளியது.

பார்வதம்மா கையை நீட்டினாள். பிடுங்கப்போகிறாள் என்று நினைத்துத் தோளைத் திருப்பிக்கொண்டான். அவள் அவனுடைய வலது கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகுக்கு நகர்த்தினாள். இடது கையைக் கீழே கொடுத்தாள். சந்தனத் தலையை அவன் தோளில் சாய்த்தாள்.

"தட்டாதீங்க. தடவுங்க. மேலேர்ந்து கீழ."

தடவினான். அழுகை நிற்கவில்லை.

"நிக்காதுங்க. அவளுக்கு உங்களைத் தெரியாதே." அவள் குரல் இப்போதுதான் கரகரத்தது. "நின்ன எடத்துல நின்னா இன்னும் அழுவா. நடங்க."

அவன் நடந்தான். முற்றத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினான். சட்டைத் தோள் முழுக்கச் சந்தனமும் எச்சிலும். வெளியே நிழல் காலடிக்கு வந்து, நல்ல நேரம் முடிந்துவிட்டது. புரோகிதர் எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைத் தேடினார்கள். வெங்கடம்மா மணையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பார்வதம்மா உள்ளே போய்ப் பாலைக் கொண்டுவந்து ஆற்ற ஆரம்பித்தாள்.

"இன்னும் சூடு இருக்கு," என்றாள், அவனைப் பார்க்காமல். "நடந்துகிட்டே இருங்க."